வாடகைப் பச்சையமானி: நெல் குலை நோயை அறிய எவ்வளவு உதவும்?

பாரிமுனையில் ஆய்வகக் கருவிகள் விற்கும் ஒரு கடையில், இலையின் பச்சையத்தை அளக்கும் கையடக்கக் கருவியை நாள் வாடகைக்கு எடுத்து, பொன்னேரிப் பக்கம், பூஞ்சையால் இலையில் புள்ளிகள் விழும் குலை நோய் கண்டிருந்த எங்கள் சம்பா வயலில் பயன்படுத்தினேன். கருவி தரமானது, ஆனால் "நோயை முன்கூட்டியே காட்டிவிடும்" என்று கடையில் சொன்னதை நம்பி இதை எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கையாள்வது எளிது. இலையைக் கவ்வியில் வைத்து அழுத்தினால், 650 நானோமீட்டர் சிவப்பொளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பொளியும் இலையை எந்த அளவுக்குக் கடக்கின்றன என்று ஒப்பிட்டு, சில நொடிகளில் ஓர் எண்ணைத் தருகிறது. அளக்கும் பரப்பு மிகச் சிறியது என்பதால் நடுநரம்பைத் தவிர்த்து, ஒரே இலையில் பல இடங்களில் அளந்து சராசரி காண வேண்டும்.

சாம்பல் நிற நடுப்பகுதியும் பழுப்பு விளிம்புமாகக் கண் வடிவில் இருந்த நோய்ப் புள்ளியின் மேல் வைத்தபோது எண் சரிந்தது. அது வெறுங்கண்ணுக்கே தெரிவது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, பச்சையாக இருந்த இடத்திலோ நோயற்ற இலைக்கு இணையான எண்ணே வந்தது. அந்த இடம் முழுத் திறனுடன் ஒளிச்சேர்க்கை செய்கிறது என்று இதற்குப் பொருளில்லை. நெல் இலைக் குலை நோயில், கண்ணுக்குத் தெரியும் புள்ளியின் பரப்பைப் போல ஏறத்தாழ மூன்று மடங்குப் பரப்பின் ஒளிச்சேர்க்கை இழக்கப்படுகிறது என்று பாஸ்டியான்ஸ் என்ற ஆய்வாளர் 1991-இலேயே அளந்து காட்டியிருக்கிறார். புள்ளியைச் சுற்றியுள்ள திசுவில், பச்சையம் சிதைவதற்கு முன்பே கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் வேலை தளர்ந்துவிடுகிறது. கருவியோ நிறத்தை மட்டுமே அறியும். கோதுமையின் துரு நோயில், இலை மஞ்சளாகும்போதும் பூஞ்சை குடியிருக்கும் இடத்தைச் சுற்றிப் பச்சை தங்கிவிடுவதுண்டு என்பதால், அங்கே எண் இன்னும் ஏமாற்றும்.

இந்தக் கருவியின் உண்மையான பயன், யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) இலையில் எவ்வளவு என்று கணிப்பதில்தான் இருக்கிறது. அளவுக்கு மீறிய யூரியா குலை நோய்க்கு வழிவிடும் என்பதால், மேலுரம் இடுமுன் அளந்து பார்ப்பது மறைமுகமாக நோயையும் குறைக்கும். ஆயினும் அதற்கு, எண்ணிட்ட பச்சை நிறப் பட்டைகள் கொண்ட இலை வண்ண அட்டையே போதும். விலையும் மிகக் குறைவு. முழுதும் விரிந்த மேல் இலையை, வெயில் படாமல் நம் உடல் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மேலுரம் தேவையா என்று முடிவுசெய்ய, வெள்ளைப் பொன்னிக்கு அட்டையின் 3-ஆம் எண், பிற இரகங்களுக்கு 4-ஆம் எண் என வரம்பு கூறுகிறது.

கடையின் சேவையில் பெரிய குறையில்லை. பெட்டி, மின்கலம் எல்லாம் சரியாக இருந்தன. விளக்கக் குறிப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதை மாற்றினால் உழவர்களுக்கு உதவியாக இருக்கும்.

ஒளிச்சேர்க்கையின் நிலையையே அறிய விரும்புவோருக்குப் பச்சையம் திரும்ப உமிழும் மங்கிய ஒளியை அளக்கும் பச்சைய ஒளிர்வுமானிதான் பொருத்தம். இலையைச் சுமார் 20 நிமிடம் கவ்வியால் மூடி இருளில் வைத்து அளந்தால், ஒளியைப் பயன்படுத்தும் உச்சத் திறனைக் குறிக்கும் எண்ணாக, நலமான இலையில் 0.83-ஐ ஒட்டிய மதிப்பு வரும். பாதிக்கப்பட்ட இலையில் அது இறங்கும். அது இக்கடையில் வாடகைக்கு இல்லை. அதைத் தருவார்களானால், நெல்மணிக்குச் சர்க்கரையைப் பெருமளவில் ஊட்டும் கண்ணாடி இலை (கதிருக்கு அடியில் வரும் கடைசி இலை) விரியும் பருவத்தில் கூடுதல் வாடகை கொடுத்தாவது எடுப்பேன்.