"45 நாளில் சிபில் ஸ்கோர் 750" நோட்டீஸை நம்பி ரூ.18,000 இழந்தேன்: வேலூர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். மின்கம்பத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் நோட்டீஸை நம்பிப் போய் ஏமாந்தவன் எழுதுகிறேன்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். காட்பாடிக்கு அப்பால் வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்ட வங்கிக் கடன் கேட்டேன். மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, "ஸ்கோர் 612 காட்டுகிறது, இப்போதைக்குக் கிடைக்காது" என்றார். வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்தான் இந்த சிபில் ஸ்கோர். ஏன் குறைந்தது என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. ஊரெல்லாம் கடன் வைத்தவனைப் போல வெளியே வந்தேன். அந்த வெட்கத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

நோட்டீஸில் இருந்த முகவரி ஒரு மாடி அறை. அங்கிருந்த இளைஞர் அண்ணா அண்ணா என்று அன்பாகத்தான் பேசினார். "உள்ளே நமக்கு ஆள் இருக்கிறார் அண்ணா, பழைய பாக்கியை எல்லாம் அழித்துவிடலாம்" என்றார். ஆதார், பான் அட்டை நகல், சம்பளச் சீட்டு எல்லாம் கொடுத்தேன். என் கைப்பேசிக்கு ஓடிபி வந்துகொண்டே இருந்தது. அவர் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். ஆறோ ஏழோ இருக்கும். இது எதற்கு என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது பணத்தைவிட அதுதான்.

45 நாள் கழித்துப் போனால் இன்னும் ரூ.7,000 வேண்டும் என்றார். கொடுக்கவில்லை. மறுவாரம் அவர் எண் அணைந்துவிட்டது.

பி.காம் படிக்கும் என் அக்கா மகள்தான் உட்காரவைத்து என் கடன் அறிக்கையை எடுத்துக் காட்டினாள். சிபில் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் நம் கடன் விவரங்களைத் தொகுத்து ஸ்கோர் போடும் நிறுவனங்கள் நாட்டில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் இந்த உரிமை இருக்கிறது. நான் ரூ.18,000 கொடுத்ததற்கு அந்த ஆள் முதலில் எடுத்துக் காட்டியதும் இதே அறிக்கையைத்தான்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. கடன் கேட்டு விசாரித்தவர்கள் பட்டியலில், நான் கேள்விப்பட்டே இராத நான்கு நிதி நிறுவனங்கள் ஒரே வாரத்தில் வரிசையாக நின்றன. நான் வாசித்துக் காட்டிய ஓடிபிகள் அங்கேதான் போயிருக்கின்றன. இப்படி அடுத்தடுத்துக் கடன் கேட்டாலே ஸ்கோர் இறங்கும். ஏற்றித் தருகிறேன் என்றவர் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

ஸ்கோர் குறைந்ததற்கான காரணங்களும் அதிலேயே இருந்தன. ஒன்று, யாரோ வாங்கிய இருசக்கர வாகனக் கடன். நான் ஓட்டுவது 2011இல் ரொக்கம் கொடுத்து வாங்கிய பழைய வண்டி. என் பெயருள்ள இன்னொருவரின் கணக்கு என் தலையில் விழுந்திருந்தது. மற்றொன்று என் கடன் அட்டைப் பாக்கி. அது உண்மை.

இந்த இரண்டுக்கும் வழி வேறு வேறு. தவறான பதிவைத் திருத்தக் கோருவது நம் உரிமை, கட்டணம் கிடையாது. கடன் கொடுத்த நிறுவனம் உறுதிசெய்தால்தான் பதிவு மாறும். உள்ளே ஆள் இருக்கிறார் என்ற பேச்சே பொய். இணையத்தில் ஆட்சேபம் பதிந்து, அந்த வாகனக் கடன் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். 26ஆம் நாள் அந்தக் கணக்கு நீங்கியது. 30 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு தர வேண்டும் என்று 2023இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருக்கிறது. அப்போதும் நடக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கும் கட்டணமில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

உண்மையான பாக்கியை யாராலும் அழிக்க முடியாது. கட்டித்தான் தீர வேண்டும். வசூலுக்கு வந்தவர், "21,400க்கு 9,000 கட்டுங்கள், செட்டில் செய்துவிடலாம்" என்றார். ஆசை வந்தது. அக்கா மகள்தான் தடுத்தாள். அப்படிக் கட்டினால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். குறைத்துக் கட்டியவர் என்று அடுத்த வங்கி அதைப் படிக்கும். சீட்டுப் பணத்தை எடுத்து முழுவதும் கட்டினேன். பாக்கி எதுவும் இல்லை என்ற நோ ட்யூ சான்று கையில் வாங்கினேன். அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வந்ததைப் பார்த்த பிறகுதான் அந்தக் கோப்பை மூடினேன்.

அதற்குப் பிறகு குறுக்குவழி எதுவும் இல்லை. புதிதாகக் கடன் கேட்கவில்லை. மீதமிருந்த ஒரே கடனின் தவணையை மாதாமாதம் நாள் தவறாமல் கட்டினேன். பத்து மாதத்தில் 731 ஆனது.

ரூ.18,000 இன்னும் திரும்பவில்லை. இணையவழி மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துப் பதிந்தேன், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து ரசீது வைத்திருக்கிறேன். அந்த மாடி அறை பூட்டிக் கிடக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் வந்து விசாரித்துவிட்டுப் போகிறார்கள் என்று கீழே பெட்டிக்கடை அம்மா சொன்னார். அவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், பணம் அனுப்பிய விவரத்தையும் அந்த மஞ்சள் நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு போய் உங்கள் புகாரையும் எழுதிக் கொடுங்கள்.