ஆன் ஃபிராங்க் டயரியா, எரியும் பனிக்காடா: எது கூட அழ வைக்கும்?

மட்டக்களப்பில ஆரும் அழ வைக்கிற புத்தகம் கேட்டா நான் இந்த ரெண்டையும்தான் சொல்லுவன். நாஜிகளுக்குப் பயந்து ஒளிச்சிருந்த யூதப் பிள்ளை ஆன் எழுதின டயரி 1944 ஆகஸ்ட் 1ஆம் திகதியோட நிண்டுபோகுது, மூண்டு நாளால அவவப் பிடிச்சிட்டாங்க, அது தெரிஞ்சுகொண்டே அந்தப் பிள்ளை எழுத்தாளரா வரணும் எண்டு எழுதினத வாசிக்கக்குள்ள நெஞ்சு அடைக்கும், ஆனா அழுகை முடிச்சாப் பிறகுதான் வரும்.

எரியும் பனிக்காடு நாவல் அப்பிடியில்ல. கருப்பனும் வள்ளியும் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரிட பேச்ச நம்பி திருநெல்வேலிப் பக்கமிருந்து ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வெளிக்கிடுற இடத்திலயே அழுகை தொடங்கிரும், எழுதின பி.எச். டேனியல் தோட்டத்து டாக்குத்தர், அந்தச் சனத்திட பாட்டக் கிட்ட நிண்டு பார்த்தவர். நம்மட மலையகத்து ஆக்கள்ட பாட்டன் பூட்டன் வந்த கதையும் இப்பிடித்தானே, இஞ்ச கங்காணி எண்டு பேர் வேற, அவ்வளவுதான். எனக்கு இதுதான் கூட.

ஓ/எல் (பத்தாம், பதினோராம் வகுப்பு) படிக்கிற பிள்ளைகளுக்கு எண்டா டயரிய முதல்ல குடுங்க, அவங்கட வயசுப் பிள்ளை எழுதினது.