சைக்கிளை நிறுத்திவைப்பதா, பாதியாக்குவதா?

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று நின்று அலுத்துச் சைக்கிள் வாங்கியவர்களில் நானும் ஒருவன். வரிசைகள் போன பிறகும் சைக்கிளை விடவில்லை. வீடு வெள்ளவத்தையில், வேலை புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுவது. போக வர ஏறத்தாழ 20 கிலோமீற்றர், கிழமையில் ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியாமல் பாணந்துறைக்குப் போய் வந்தால் இன்னும் 40. இப்படி எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, ஒரு நாள்கூடக் கால் ஆறவில்லை என்று.

போன வருடக் கடைசியில் களைப்புப் பிடித்தது. ஓடி முடித்து வரும் களைப்பென்றால் குளித்து ஒரு பிளேன்ரீ குடிக்கப் போய்விடும். இது படுத்தெழும்பியும் போகாத களைப்பு. விடிய எழும்பும்போதே கால் கனக்கும். பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள், வழமையாக நான் முந்திப் போகும் ஆட்கள் என்னை முந்திப் போனார்கள். மனைவி ஒரே வரியில் முடித்தாள்: “என்னப்பா, இது களைப்பில்லை, பஞ்சி.” பஞ்சி பிடித்தவன் பாணந்துறைக்குப் போவானா என்று கேட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை.

இதற்கு இரண்டு வழிகளைச் சோதித்துப் பார்த்துவிட்டேன். ஒன்று, மூன்று கிழமை முழுதாக நிறுத்திவைத்தது. மற்றது, பாதியாகக் குறைத்து மெதுவாக ஓடியது. நான் இரண்டாவதன் பக்கம்.

அதற்கு முதல் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் வந்து போன களைப்பென்றால் கதையே வேறு. டெங்கு விட்ட பிறகும் கிழமைக்கணக்கில் சோர்வு நிற்கக்கூடும். அந்த நேரம் சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட வேண்டியதுதான். நெஞ்சு நோ, மூச்சு முட்டு, தலைச்சுற்று இருந்தாலும் டொக்டரிடம் போன பிறகுதான் மற்றதெல்லாம். எனக்கு எஃப்.பி.சி. என்ற முழு இரத்த அணுப் பரிசோதனையோடு சீனி, தைரொயிட், ஃபெரிட்டின் மூன்றும் எடுக்கச் சொன்னார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடம்பின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம், அதை ஃபெரிட்டின்தான் காட்டும். பெண்களுக்கு இந்தக் குறைபாடு அதிகம். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிக்கும் நம் பழக்கமும் கீரை, பருப்பில் உள்ள இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அந்த வகையில் வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழிந்தவர்கள் கெட்டிக்காரர்கள். என் முடிவுகளில் ஒரு பிழையும் இல்லை. நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

முதலில் நிறுத்திவைத்தேன். இதன் பெரிய நன்மை, யோசிக்கத் தேவையில்லை. டயரில் காற்றை இறக்கிவிட்டு 100 ஆம் இலக்க பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறிவிடலாம். முதல் நாலு நாள் கால் குறுகுறுத்தது. பத்தாம் நாள் அளவில் உடம்பு லேசாகிவிட்டது. மூன்றாம் கிழமை முடிய, மாயம் போட்டதுபோலக் களைப்பைக் காணோம். சந்தோசமாகப் பழைய தூரத்துக்கே திரும்பினேன். இரண்டு கிழமையில் அதே களைப்பு, அதே கனம். இந்த முறை எரிச்சலும் சேர்ந்தது.

பிறகுதான் பாதியாக்கினேன். திங்கள், புதன், வெள்ளி சைக்கிள், மற்ற மூன்று நாளும் ரயில். பாணந்துறை இரண்டு கிழமைக்கு ஒருமுறை மட்டும். வேகத்துக்கு ஒரே விதி: பக்கத்தில் ஓடுபவரோடு கதைத்துக்கொண்டு போகக்கூடிய அளவு. இந்த விதி கொழும்பில் கூடுதலாகத் தேவை. இங்கே வியர்வை காயாது. உடம்பைக் குளிர்விக்க இதயம் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வேகத்திலும் துடிப்பு ஏறும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மரைன் டிரைவில் போகும்போது காற்று முதுகில் தள்ளும். நம்மை நாமே மெச்சிக்கொண்டு போவோம். பின்னேரம் திரும்பும்போது அதே காற்று முகத்தில். அந்த நேரம் கியரை இறக்கி, மானம் பாராமல் ஊர வேண்டும்.

பாதியாக ஓடிய பத்துக் கிழமையும் ஒரு கொப்பியில் எழுதினேன். எத்தனை மணித்தியாலம் நித்திரை, கட்டிலில் இருந்து இறங்குமுன் நாடித்துடிப்பு எவ்வளவு, மத்தியானம் என்ன சாப்பாடு, அன்றைக்கு ஓட்டம் எப்படி. நாடி சாதாரணமாக 58, 59. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் 66, 67. ஓட்டமும் அன்றுதான் மோசம். திங்களும் புதனும் ஓடிய அலுப்புச் சேர்ந்து வெள்ளியில் தெரிகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். புதன் ஓட்டத்தைச் செவ்வாய்க்கு மாற்றிப் பார்த்தேன். இடையில் இரண்டு நாள் கால் ஆறியும் வெள்ளி வெள்ளியாகவே இருந்தது.

கொப்பியைப் பின்னோக்கிப் பார்த்தால் வியாழன் நிற்கிறது. வியாழன் கடையில் கிழமைக் கணக்கு முடிக்கும் நாள். மத்தியானம் ஒரு மீன் பணிஸும் பிளேன்ரீயும்தான், இரவு வீடு வரப் பத்து மணியாகும், படுக்கப் பன்னிரண்டு. மறுநாள் சைக்கிளில் போவதென்றால் வாகனமும் வெயிலும் ஏறமுதல் இறங்க 4.45க்கு எழும்ப வேண்டும். ரயிலென்றால் ஆறு மணிவரை படுக்கலாம்.

இங்கேதான் எனக்கு உறைத்தது. நிறுத்திவைத்த மூன்று கிழமையும் நான் சைக்கிளில் இருந்து மட்டும் ஓய்வெடுக்கவில்லை. தினமும் ஒன்றேகால் மணித்தியாலம் கூட நித்திரை கொண்டிருக்கிறேன். களைப்பைப் போக்கியது அந்த நித்திரை, பெயர் வாங்கியது ஓய்வு, பழி விழுந்தது சைக்கிளில். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் சுகம் வரும், ஆனால் எது சுகப்படுத்தியது என்று தெரியாது. தெரியாவிட்டால் திரும்ப ஏறிய இரண்டாம் கிழமையில் பழைய இடத்திலேயே வந்து நிற்போம், நான் நின்றதுபோல. பாதியாக ஓடும்போது சைக்கிளே ஒரு அளவுகோலாகிவிடுகிறது. எந்த நாள் இழுக்கிறது, எந்த நாள் இழுக்கவில்லை என்று அது சொல்லும், நான் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். சுகம் வரக் கூடக் காலம் எடுக்கும் என்பது உண்மை. எனக்கு ஆறு கிழமை எடுத்தது.

இதெல்லாம் ஒரு ஆளின் கொப்பிக் கணக்கு. நாடி ஏறுவதற்கு நித்திரைக் குறைவு மட்டும் காரணமல்ல. வரப்போகும் காய்ச்சலாலும், முதல்நாள் இரவுப் பார்ட்டியாலும் ஏறும். போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கு, நான் முதலில் கிழமைக்கு ஓடிய 160 கிலோமீற்றர் ஒரு கணக்கே இல்லை. அவர்களில் பயிற்சி கூடிப்போய்க் களைத்தவருக்கு முழு ஓய்வே தேவைப்படலாம். நான் அந்தப் பக்கம் போனவனல்ல.

பற்றரி சைக்கிள் வாங்கச் சொன்னவர்களும் உண்டு. நண்பருடையதை இரண்டு நாள் ஓடியதுதான் அனுபவம். எதிர்க்காற்றுக்குச் சொர்க்கம், நாலாம் மாடி பிளட்டுக்கு அந்தப் பாரத்தைத் தூக்குவது நரகம். எனர்ஜி டிரிங்க், டொனிக் எல்லாம் காசுக்குக் கேடு. ஜீவனி என்ற உப்புச்சீனித் தூள் ஒரு பக்கற் கரைத்துக் கொண்டுபோவது நீண்ட ஓட்டத்தில் வியர்த்துப் போன உப்புக்கும் நீருக்கும் நல்லது, படுத்தெழும்பியும் போகாத களைப்புக்கு அது மருந்தல்ல.

இப்போது கிழமையில் நாலு நாள் ஓடுகிறேன். கணக்கு முடிப்பதை வெள்ளி மத்தியானத்துக்கு மாற்றலாமா என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். பார்ப்போம் என்றார். அதுவரை வெள்ளிக்கிழமை எனக்கு ரயில்தான்.