பிளாஸ்ட், பிளாட், ஸ்மித்-வாட்டர்மன்: ஆறு வருடப் பழக்கத்துக்குப் பிறகு

ஒரு டிஎன்ஏ வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்குச் சொந்தபந்தம் எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் ஆறு வருடமாக என் வேலையில் பாதி. முதல் வருடமே வசமாக ஏமாந்தேன்.

தூரத்து இனம் ஒன்றின் ஜீனோமில், அதாவது அதன் முழு டிஎன்ஏ தொகுப்பில், ஒரு ஜீனைத் தேடினேன். ஒத்த வரிசைகளைத் தேடித் தரும் பிளாஸ்ட் நிரல் எதையும் காட்டவில்லை. சரி, இல்லை போலிருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து, அது இருக்க வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்து ஸ்மித்-வாட்டர்மன் என்ற மெதுவான, முழுமையான ஒப்பீட்டு முறையில் கொடுத்தால், ஜம்மென்று பொருந்தி நிற்கிறது!

தப்பு என்னுடையதுதான். கட்டளை வரியில் பிளாஸ்ட்என் (டிஎன்ஏவுக்கான பிளாஸ்ட்) என்று அடித்தால், வேறு எதுவும் சொல்லாதவரை ஓடுவது மெகாபிளாஸ்ட் என்ற அதன் வேகமான முறை. தொடர்ச்சியாக 28 எழுத்துகள் அப்படியே ஒத்துப்போனால்தான் அது அந்த இடத்தைத் திரும்பியே பார்க்கும். 80 சதவீதம் ஒத்த இரு வரிசைகளில், ஓரிடத்தில் தொடங்கி 28 எழுத்தும் ஒத்துப்போக வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டுதான். பழைய பிளாஸ்ட்என் முறைக்கு 11 எழுத்து போதும். வாய்ப்பு நூற்றில் எட்டைத் தாண்டும். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

1981இல் வந்த ஸ்மித்-வாட்டர்மனுக்கு இந்தக் குறுக்குவழியே கிடையாது. கட்டம் கட்டமாக முழு அட்டவணையையும் நிரப்பும். நாம் கொடுத்த மதிப்பெண் விதிப்படி மிகச் சிறந்த பொருத்தத்தைத் தவறவே விடாது. ஆனால் பெரிய தரவுத்தளத்தை அதனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. 1990இல் பிளாஸ்ட் பிறந்ததே அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான்.

பிளாட் என்ற தேடல் நிரல் வேறு ரகம். ஜீனோமையே முன்கூட்டி அட்டவணைப்படுத்தி நினைவகத்தில் வைத்துக்கொள்வதால் பதில் உடனே வரும். அதே இனத்தின் எம்ஆர்என்ஏவை (ஜீனின் நகலை), இடையில் உள்ள இன்ட்ரான்களை (அந்த நகலில் வெட்டி நீக்கப்படும் துண்டுகளை) தாண்டி, ஜீனோமில் பொருத்த எனக்கு இன்றும் அதுதான் பிடிக்கும். தூரத்து உறவைத் தேட அதைத் தொடுவதில்லை. ஃபாஸ்டா என்ற பழைய தேடல் நிரலை ஓடவிட்டு வருடக்கணக்காகிறது. அதன் பெயரில் உள்ள கோப்பு வடிவத்தைத் தொடாத நாள்தான் இல்லை.

அப்புறம் இந்த ஈ-மதிப்பு, அதாவது இவ்வளவு நல்ல பொருத்தம் தற்செயலாகவே எத்தனை கிடைக்கலாம் என்ற எண். அதே பொருத்தம், அதே மதிப்பெண். தரவுத்தளம் ஆயிரம் மடங்கு பெரிதானால் 0.00002 என்பது ஏறக்குறைய 0.02 ஆகிவிடும். போன வருட முடிவையும் இந்த வருட முடிவையும் அதை வைத்து ஒப்பிட்டுக் குழம்பியிருக்கிறேன். இப்போதெல்லாம் குறிப்பேட்டில் பிட் மதிப்பெண் (தரவுத்தளத்தின் அளவைப் பொறுத்து மாறாதது), ஒப்புமைச் சதவீதம், பொருந்திய நீளம், தேடிய தேதி நான்கையும் எழுதுகிறேன். ஒன்றும் கிடைக்காத நாளில் எத்தனை எழுத்து விதையில் (முதலில் அப்படியே ஒத்துப்போக வேண்டிய துண்டில்) தேடினேன் என்பதையும்.