வெற்றிடம் நிரப்பும் காலத்தில் போன ஒரு கொமினிகேஷன்

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுத்தவர்களுக்குப் பல்கலைக்கழகத் தெரிவுக்கான புள்ளியாகிய இசட் ஸ்கோர் வந்து, ஒவ்வொரு பாடநெறிக்கும் கடைசியாக எடுபட்ட புள்ளியான வெட்டுப்புள்ளியும் வந்த பிறகு வன்னியில் வீட்டுக்கு வீடு ஓடுகிற கதை ஒன்றுதான்: "வெற்றிடம் நிரப்பேக்க கிடைக்குமாம்." வெற்றிடம் என்றால் தெரிவானவர்கள் பதியாமல் விடுகிற இடம். யார் சொன்னது, எப்போது நிரப்புவார்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அப்படி நாங்களும் முழித்துக்கொண்டு நின்றபோது போன கடை இது, கணினியில் விண்ணப்பம் நிரப்பித் தருகிற ஒரு கொமினிகேஷன். புதுக்குடியிருப்புச் சந்தியில் இருந்து பரந்தன் பக்கமாகக் கொஞ்சம் நடந்தால் வரும், வாசலில் ரீலோட் பதாகை, உள்ளே இரண்டு கணினி, மூன்று பிளாஸ்டிக் கதிரை, அவ்வளவுதான். பெயர் போடவில்லை, ஏற்கெனவே அங்கே சனம் காணும்.

தங்கச்சி உயிரியல் பிரிவு. முதல் தெரிவு யாழ் பல்கலைக்கழக விவசாயம். பெயர்தான் யாழ், பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல் நகரில், பரந்தனில் பஸ் மாறினால் வீட்டில் இருந்தே போய் வரலாம். இரண்டாவது வவுனியாவில் சுற்றுச்சூழல் விஞ்ஞானம். மூன்றாவது தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானம், அந்தப் பீடம் சம்மாந்துறையில். கிடைத்தது மூன்றாவது. சம்மாந்துறை எங்கே இருக்கு என்று அம்மா அன்றைக்கு நாலு தரம் கேட்டார்.

விண்ணப்பம் போட்டது வேறொரு கடையில். அது எது என்பது வேண்டாம். அவசரத்தில் தங்கச்சியின் மின்னஞ்சலுக்குப் பதிலாகக் கடையின் மின்னஞ்சலையே போட்டுவிட்டார்கள், எங்களுக்குத் தெரியாது. தெரிவான விஷயமே கூடப் படித்த பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. பதிவு முடிய நாலு நாள் இருக்கும்போது போய்க் கேட்டால், "மெயில் நிறைய வரும் தம்பி, எல்லாம் பார்க்க ஏலாது" என்றார்கள். அதோடு விடாமல், கொழும்பில் ஆள் இருக்கு, இருபத்தைந்தாயிரம் தந்தால் முதல் தெரிவுக்கே ஏற்றலாம் என்று ஒரு பேச்சு வேறு. உண்மையைச் சொன்னால், அம்மா காப்பைக் கழற்றத் தயாராகத்தான் இருந்தார்.

இந்தக் கடை அண்ணை அந்தக் காசுக் கதையைக் கேட்டுவிட்டு ஒரு கொப்பித் தாளை எடுத்துக் கோடு கீறினார். ஒரு பாடநெறிக்கு இத்தனை இடம். அதில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, எங்கள் முல்லைத்தீவும் அதில் ஒன்று. தெரிவான எல்லோரும் பதிய மாட்டார்கள். வெளிநாடு போகிறவர், திரும்ப ஏ.எல். எடுக்கிறவர் என்று சிலர் விடுவார்கள். அந்த இடத்துக்கு, அதைக் கேட்டவர்களில் அடுத்த இசட் ஸ்கோர் உள்ளவர் ஏறுவார். "இதுக்குள்ள காசு எங்க தம்பி போய் நிக்கும்?" என்று கேட்டார். அம்மாவின் காப்பு தப்பியது அந்தக் கேள்வியால்தான்.

இன்னொன்றும் சொன்னார், நிறையப் பேர் பிழை விடுவது இங்கேதான். பெரிய இடம் வரட்டும் என்று கிடைத்ததைப் பதியாமல் இருக்கக் கூடாது. திகதி போனால் கையில் இருப்பதும் போய்விடும். சரி என்று சம்மாந்துறைக்கே பதிந்தோம், மேல் தெரிவுகளில் வெற்றிடம் வந்தால் அதற்கும் தங்கச்சியின் பெயரைக் கவனிக்கச் சொல்லிக் கேட்டு வைத்தோம். மின்னஞ்சலை மாற்றச் சொல்லிப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதமும் அடித்துத் தந்தார்.

அவர் வேலை செய்கிற விதம் எனக்குப் பிடித்தது. திரையைத் தங்கச்சி பக்கம் திருப்பி, அடையாள அட்டை இலக்கத்தை அவளையே ஒவ்வொன்றாக வாசிக்க வைத்தார். கடவுச்சொல் அடிக்கிற நேரம் எழும்பி வாசலுக்குப் போய் நின்றார். பாதியில் கரண்ட் போய் யூபிஎஸ் கத்தத் தொடங்க, பதறாமல் போனில் இருந்து டேட்டா எடுத்து முடித்துவிட்டுத்தான் கதிரையில் சாய்ந்தார்.

சில மாதம் கழித்து ஒரு இரவு, சிக்னல் பிடிக்கிற கிணற்றடியில் நின்று தங்கச்சி மெயில் பார்த்துக் கத்தினாள். விவசாயம் இல்லை, வவுனியா. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற பம்பைமடுவில் இப்போது இரண்டாவது மாதம். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில்.

குறையும் இருக்கு. பிரின்டர் கோடு கோடாக அடிக்கிறது, ஒரு பக்கத்துக்கு 20 ரூபா வாங்கிக்கொண்டு அப்படித் தரக் கூடாது. படிவம் நிரப்ப 500 ரூபா, முடிவுத் திகதி நெருங்கினால் 700, கேட்டால் சிரிக்கிறார். மத்தியானம் கடை பூட்டு, எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. போகிறவர்கள் காலையிலேயே போங்கள், சொந்த மெயிலின் கடவுச்சொல்லை எழுதிக்கொண்டு போங்கள். மறந்துவிட்டு நின்றால் அண்ணை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார், தன்னுடைய மெயிலை மட்டும் போட மாட்டார்.