பாஸிடம் மாட்டிக்கொண்டால் என்ன வழி? சிம்பனி, பிளட்ஸ்டெய்ன்ட், ஹாலோ நைட்

இரவு பத்தரைக்கு மேல் எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். வீடு உறங்கிய பின் வருகிற அந்த நேரத்துக்கு ஒரு கேம் தேடினேன். பக்கவாட்டில் ஓடித் தாவுகிற பழைய பாணி வேண்டும். அதோடு ரோல் பிளேயிங் கேம்களில் வருவது போல நம் ஆள் கொஞ்சம் கொஞ்சமாக வளரவும் வேண்டும். விசாரித்ததில் மூன்று பெயர்கள் மிஞ்சின: 1997இல் வந்த கேஸில்வேனியா: சிம்பனி ஆஃப் தி நைட், 2017இல் வந்த ஹாலோ நைட், 2019இல் வந்த பிளட்ஸ்டெய்ன்ட்: ரிச்சுவல் ஆஃப் தி நைட். மூன்றையும் வாங்கி ஆடினேன். நான் சிம்பனி பக்கம்தான்.

எல்லாரும் சொல்வதை முதலில் முடித்துவிடுகிறேன். பார்க்க அழகு ஹாலோ நைட்தான். கையால் வரைந்த அந்தப் பூச்சி உலகத்தில், கண்ணீர் நகரத்தின் மேல் ஓயாமல் பெய்யும் மழையைப் பார்த்துக்கொண்டே சும்மா நிற்கலாம். இசையில் யாரும் தோற்கவில்லை. முதலுக்கும் மூன்றாவதற்கும் மிச்சிரு யமானே, ஹாலோ நைட்டுக்குக் கிறிஸ்டஃபர் லார்கின். அளவில் ஹாலோ நைட் மிகப் பெரியது. சிம்பனியைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். கதைக்காக யாரும் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். பாஸ் என்கிற பெரிய எதிரி ஒருவனிடம் மாட்டிக்கொண்டு ஐந்தாறு முறை செத்துவிட்டோம். அடுத்து என்ன செய்வது? அந்த இடத்தில் கேம் நமக்கு எத்தனை வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது? ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஆடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது.

ஹாலோ நைட்டில், எதிரிகளைக் கொல்லக் கொல்லச் சேர்ந்து நம் ஆளை வலுவாக்கும் எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட் கிடையாது. நூறு பூச்சிகளைக் கொன்றாலும் லெவல் ஏறாது. ஜியோ என்ற காசு மட்டும் சேரும். நெயில் என்ற அந்த வாளை நான்கு முறைதான் மெருகேற்ற முடியும். நான்கு முகமூடித் துண்டுகளைத் தேடிச் சேர்த்தால்தான் உயிர்க்கோட்டில் ஒரு முகமூடி கூடும். சார்ம் என்னும் வில்லைகளை மாற்றி மாற்றி அணியலாம், அதுவும் ஆங்காங்கே இருக்கும் இளைப்பாறும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். செத்தால் கையிலிருந்த ஜியோ முழுவதும் செத்த இடத்திலேயே ஒரு நிழலாக நிற்கும். போய் அந்த நிழலை வென்று மீட்க வேண்டும். போகிற வழியில் இன்னொரு முறை செத்தால் அந்தக் காசு போனதுதான்.

மேன்டிஸ் லார்ட்ஸ் என்று மூன்று கும்பிடுபூச்சி அரசிகள். முதலில் ஒருத்தி இறங்கி வருவாள். அவளை வென்றால் மற்ற இருவரும் சேர்ந்து வருவார்கள். எனக்கு ஒரு வாரம் ஆனது. ஏழு இரவுகள், தினமும் அதே அறை. என் ஆளிடம் எதுவும் மாறவில்லை, மாறியது என் விரல்கள்தான். எட்டாவது இரவில் வென்றபோது மூவரும் தலை தாழ்த்தினார்கள். வெளியே வந்தால் வழியில் நிற்கிற சாதாரண மேன்டிஸ்களும் தாக்காமல் வணங்கி நின்றன. அந்த நிமிடத்துக்கு ஈடான ஒன்றை மற்ற இரண்டு கேம்களிலும் நான் பார்க்கவில்லை. அந்த வாரத்தில் வேறு எதுவுமே ஆடவில்லை என்பதும் உண்மை.

சிம்பனி இதே கேள்விக்கு வேறு விதமாகப் பதில் சொல்கிறது. டிராகுலாவின் மகன் அலுகார்ட் கோட்டைக்குள் நுழையும்போது கையில் நல்ல வாள், உடம்பில் நல்ல கவசம். வாசலில் பாயும் ஓநாய்கள் சுலபமாகச் சாய்கின்றன. கொஞ்ச தூரத்தில் மரணதேவன் எதிரே வந்து அத்தனையையும் பறித்துக்கொண்டு போகிறான். அதன் பிறகு வெறுங்கையோடு ஒரு சாதாரண எலும்புக்கூட்டை அடித்துப் பாருங்கள். அடி எவ்வளவு விழுந்தது என்று மேலே தெரிகிற அந்தச் சின்ன எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் உறைக்கும். ஸ்ட்ரென்த் (பலம்), கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி), இன்டெலிஜென்ஸ் (அறிவு), லக் (அதிர்ஷ்டம்) என்ற நான்கு எண்களை யாரும் பாடம் எடுக்காமலே கேம் புரியவைத்துவிடுகிறது. இழந்த பொருளின் மதிப்பு நமக்கு நன்றாகத் தெரியுமே.

இந்தக் கேமின் துணை இயக்குநர் கோஜி இகராஷி. ரோல் பிளேயிங் அம்சங்களைச் சேர்த்ததற்கு அவர் பின்னாளில் சொன்ன காரணங்களில் ஒன்று, ஆக்‌ஷன் கேமில் கை தேராதவரும் கடைசி வரை போக முடிய வேண்டும் என்பது. இந்த நோக்கம் கேம் முழுக்கத் தெரிகிறது. பாஸை வெல்ல முடியவில்லையா? பின்வாங்கி, இரண்டு அறைகளைச் சுற்றி லெவல் ஏற்றிக்கொள்ளலாம். நூலகரிடம் மருந்து வாங்கலாம். வேறு வாள் எடுக்கலாம். மூடுபனியாகவோ வௌவாலாகவோ மாறி வேறு திசையில் போகலாம். அந்த ஒரு மணி நேரத்தின் முடிவில் ஆட்டத்தைப் பதிவு செய்யும் சேவ் ரூமுக்குள் போய் நிற்கும்போது ஏதோ ஒன்று கூடியிருக்கும்.

கலமோத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டை தலைகீழாகக் கவிழ்ந்த பிறகு வரும் பகுதியில், திரை உயரத்துக்கு நிற்கும் ராட்சதன். கேமை முடிக்க அவனை வென்றே தீர வேண்டும் என்பதுகூட இல்லை. ஆனாலும் விட மனம் வரவில்லை. அவன் விடும் மின்னலில் ஆறு முறை செத்தேன். ஏழாவது முறை போவதற்கு முன் பொறுமையாக உட்கார்ந்து பையில் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எப்போதோ எடுத்து மறந்துபோன பெரில் சர்க்லெட் என்ற தலையணி அதில் கிடந்தது. மின்னலை உறிஞ்சிக்கொள்ளும் அணி அது. அதை அணிந்துகொண்டு போனேன். அவன் மின்னலை வீச வீச, இடது மூலையில் என் உயிர் எண் ஏறிக்கொண்டே போனது! இது ஏமாற்று வேலை கிடையாது. கோட்டை முழுக்க மூலை மூலையாகத் தேடினவனுக்குக் கேம் கொடுத்த பதில் அது.

சிம்பனியிடம் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். சேவ் செய்யாமல் செத்தால், கடைசி சேவுக்குப் பிறகு கிடைத்த லெவல், பொருள், மேப் எல்லாம் போய்விடும். ஹாலோ நைட் இந்த விஷயத்தில் இரக்கமானது. காசு மட்டும்தான் பணயம், கண்டெடுத்த பொருள் கையிலேயே இருக்கும். ஒருமுறை நாற்பது நிமிட ஆட்டத்தைத் தொலைத்துவிட்டு அன்று படுக்கப் போனபோது ரொம்பவே கசந்தது. இரண்டாவது குறை, லெவல் ஏறிவிட்டால் பிற்பாதி மிகவும் எளிதாகிவிடுகிறது. ஷ்மூ என்ற எதிரியிடமிருந்து அரிதாக விழும் கிரிஸேகிரிம் வாள் கிடைத்துவிட்டால், நடந்துகொண்டே எல்லாவற்றையும் வெட்டித் தள்ளலாம். அறைக்குள் போய், அடித்து, வெளியே வந்து, திரும்பவும் உள்ளே போய் இரண்டு இரவுகள் அதற்காகவே செலவழித்தேன். சவால்தான் முக்கியம் என்பவருக்கு இது பிடிக்காது. எனக்கு அந்த இரண்டு இரவுகளும் நிம்மதியாகவே போயின.

பிளட்ஸ்டெய்ன்ட் இகராஷியே செய்த வாரிசு. 2014இல் சிம்பனியை வெளியிட்ட கொனாமி நிறுவனத்திலிருந்து விலகி, அடுத்த ஆண்டு பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 5 லட்சம் டாலர் கேட்டார். 55 லட்சத்துக்கு மேல் வந்தது. நாயகி மிரியம் எதிரிகளிடமிருந்து படிகத் துண்டுகளைப் பெற்று அவர்களுடைய சக்திகளை எடுத்துக்கொள்கிறாள். மாட்டிக்கொண்டவருக்கான வழிகள் சிம்பனியைவிட இதில் அதிகம். சமையல்கூட இருக்கிறது: ஒரு பதார்த்தத்தை முதல் முறை சாப்பிட்டால் மிரியத்தின் எண்கள் நிரந்தரமாகக் கூடும். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பதார்த்தத்துக்கான பொருள் எந்த எதிரியிடம் விழும், அதற்கு முன் வேறு எதைச் செய்து வைக்க வேண்டும் என்று மெனுவிலேயே பாதி நேரம் போகிறது. ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடம் பட்டியல் படிப்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. நார்மலில் ஒரே ஒரு முறைதான் முடித்தேன். கடினமான நிலைகளில் இதே சமையல் வேறு மாதிரி முக்கியமாகலாம். நின்டெண்டோ ஸ்விட்சில் வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் நொடிக்கு 30 ஃப்ரேம், மற்றவற்றில் 60. தாவிக்குதிக்கும் கேமில் அது கைக்குத் தெரியும்.

ஹாலோ நைட்டைப் பற்றி நான் சொன்னதும் பாதி அனுபவத்தில்தான். சோல் மாஸ்டர் என்ற பாஸை வென்று சில பகுதிகள் தாண்டியதோடு நிறுத்தியிருக்கிறேன். கடைசி வரை போனவர்கள் அதன் பிற்பாதிதான் சிகரம் என்கிறார்கள். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் கிடைப்பவர், விரல் பழகுவதிலேயே இன்பம் காண்பவர் என்றால் யோசிக்காமல் அதையே எடுக்கலாம்.

சிம்பனியை நான் ஆடியது 2020இல் வந்த மொபைல் பதிப்பில், ப்ளூடூத் கன்ட்ரோலரோடு. தொடுதிரையில் ஆட முயற்சி செய்யாதீர்கள். மந்திரங்களுக்கு அரைவட்டம் கால்வட்டமாகத் திசைப் பட்டனைச் சுழற்ற வேண்டும், கண்ணாடி மேல் அது சரியாக வருவதில்லை. கன்ட்ரோலர் இருந்தால் எந்தக் குறையும் இல்லை.

தலைகீழ்க் கோட்டையும் சேர்வதால், சிம்பனியின் மேப்பில் 200.6 சதவீதம் வரை போகலாம் என்பார்கள். நான் 196இல் நிற்கிறேன். முடித்த பிறகு பெயர் கேட்கும் இடத்தில் ரிக்டர் என்று ஆங்கிலத்தில் அடித்தால், சாட்டையோடு காட்டேரி வேட்டைக்காரர் ரிக்டர் பெல்மான்ட் வருவார். அவருக்கு லெவல் கிடையாது, வாள் கவசம் மாற்றுவதும் கிடையாது. போன வாரம்தான் அவரை வைத்து ஆரம்பித்தேன். கலமோத்தை விரல்களாலேயே வெல்ல முடிந்தால், அப்புறம் ஹாலோ நைட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்வதாக இருக்கிறேன்.