ஒட்டுவதா, எக்ஸ்போர்ட் செய்வதா?

மாசி மக நேரத்தில் கடலூர் டிசைன் கடைகளில் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சாமி படம், பிக்சல் என்ற புள்ளிகளாகப் படத்தை வைத்திருக்கும் ஃபோட்டோஷாப்பில் இருக்கும். எழுத்தும் பார்டரும், கோடுகளாக வரையும் இல்லஸ்ட்ரேட்டரிலோ கோரல்டிராவிலோ இருக்கும். இரண்டையும் சேர்க்கிற இடத்தில்தான் எழுத்து பிசிறடிக்கிறது.

இல்லஸ்ட்ரேட்டரில் காப்பி எடுத்து ஃபோட்டோஷாப்பில் ஒட்டினால், ஸ்மார்ட் ஆப்ஜெக்டா, பிக்சலா, பாத்தா, ஷேப் லேயரா என்று கேட்கும். பிக்சல் என்று கொடுத்தால், ஒட்டும் ஃபைலுக்கு என்ன ரெசல்யூஷனோ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு) அதுதான் வரைந்ததற்கும். அந்த ஃபைல் 72-ல் திறந்திருந்தால் 8 பாயின்ட் எழுத்துக்கு மொத்த உயரமே 8 பிக்சல். 'ண'வின் சுழிகள் அதற்குள் எப்படி நிற்கும்? அடைத்துக்கொண்டு கருப்புப் பொட்டாகிவிடும். அப்புறம் இமேஜ் சைஸில் போய் 300 என்று மாற்றினாலும் பிக்சல் கூடுமே தவிர, போன சுழி திரும்பாது. அதனால் ஒட்டுவதற்கு முன்பே ஃபைலை அச்சு அளவில் 300-க்கு வைத்துவிட வேண்டும். மூன்றரைக்கு இரண்டு அங்குல விசிட்டிங் கார்டு என்றால் 1050-க்கு 600 பிக்சல்.

நான் எப்போதும் தேர்ந்தெடுப்பது ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்தான். வெக்டர், அதாவது பிக்சலாக மாறாத மூலக் கோடுகள், உள்ளேயே இருக்கும். சின்னதாக்கிவிட்டு மறுபடி பெரிதாக்கினாலும் விளிம்பு கெடாது. கடைசி நிமிடத்தில் உபயதாரர் பெயரில் திருத்தம் வந்தால் லேயரை இரட்டை கிளிக் செய்து இல்லஸ்ட்ரேட்டரிலேயே திருத்திவிடலாம். ஃபைல் கொஞ்சம் கனக்கும், பரவாயில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அந்த டிசைனுக்குள் வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ ஏதாவது இருந்தால், அதில் இல்லாத நுணுக்கம் இந்த வழியாலும் வராது.

கோரல்டிராவிலிருந்து நேரடியாக ஒட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். என்ன ரெசல்யூஷனில் வந்து விழும் என்பது நம் கையில் இல்லை. எழுத்தை கர்வ் ஆக்கி (ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோடுகளாக மாற்றி), பிடிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்து, ஃபோட்டோஷாப்பில் திறக்கும்போது 300 என்று கொடுத்தால் சுத்தமாக வரும். டிஃப் (TIFF என்ற பட ஃபைல்) எடுத்தாலும் சரி, ரெசல்யூஷனை எக்ஸ்போர்ட் பெட்டியிலேயே கொடுத்துவிடலாம். ஆனால் அதற்குப் பின் அது வெறும் படம்தான், பெரிதாக்க முடியாது.

ஃபிளெக்ஸுக்கு இந்த 300 கணக்கு வேண்டாம். பத்துக்கு ஆறு அடி பேனர் 72-ல் 8640-க்கு 5184 பிக்சல் வரும். தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு அது போதும். அதையே 300-ல் போட்டால் அகலம் மட்டும் 36,000. ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல் 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது.